முகமதியச் சட்டம்: ஒரு தொடரும் அது கட்டிய நூலடுக்கும்

இந்திய நீதிமன்றத் தீர்ப்புகளிலும் சட்டக் கல்லூரிப் பாடங்களிலும் இரு நூற்றாண்டுக்கு மேலாக வழங்கிவரும் ‘முகமதியச் சட்டம்’ என்ற தொடருக்கு அரபு மொழியில் நேர்ச்சொல் கிடையாது. அத்தொடர் ஒன்றாகச் சேர்த்துச் சுட்டுவதை இஸ்லாமிய அறிஞர் மரபு பல சொற்களால் பிரித்தே பேசியது. இறைவன் காட்டிய நெறி முழுவதும் ஷரீஅத். நீர்த்துறைக்குச் செல்லும் வழி என்பது அச்சொல்லின் பழம்பொருள், தமிழ் முஸ்லிம்களின் வழக்கில் அது ‘ஷரா’ எனக் குறுகியது. அந்நெறியைக் குர்ஆனிலிருந்தும் நபிமொழிகளிலிருந்தும் ஆய்ந்து அறிஞர்கள் எட்டிய விளக்கம் ஃபிக்ஹு. புரிதல் என்பதே அதன் நேர்ப்பொருள் ஆதலால், மனிதப் புரிதலுக்குரிய பிழையும் கருத்து வேறுபாடும் அச்சொல்லிலேயே ஒப்புக்கொள்ளப்பட்டுள்ளன. அவ்விளக்கத்தில் ஓர் ஆசிரிய மரபைப் பின்பற்றும் பள்ளி மத்ஹபு. கேட்டவருக்கு முஃப்தி கூறும் கருத்து ஃபத்வா. வழக்கில் காஜி அளிக்கும் முடிவு கழா. இவ்வாறு தனித்தனியே நின்ற ஐந்தையும் ஒரே பெயரின்கீழ் அடக்கி, அதைச் ‘சட்டம்’ என்று அழைத்தது கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சி. அப்பெயர் மாற்றம் நிர்வாக வசதிக்காக நிகழ்ந்தது எனினும், குர்ஆனை எந்த நூலின் துணையோடு படிப்பது, யார் படிப்பது, எந்த வரியில் நிறுத்திக்கொள்வது என்பவற்றையெல்லாம் அது முடிவு செய்தது என்பதைத் தொடரின் வரலாறு காட்டுகிறது.

பெயரின் முற்பகுதி

கிறிஸ்துவைப் பின்பற்றுவோர் கிறிஸ்தவர் என்பதைப் போல முகமதுவைப் பின்பற்றுவோரை முகமதியர் என்று அழைப்பது ஐரோப்பியர் ஆண்ட சொல்லமைப்பு. இறைத்தூதரை வழிபடுவோர் என்ற தவறான பொருளை அது தருவதால் முஸ்லிம்கள் பலர் அதை விரும்பியதில்லை. இறைவனுக்குத் தம்மை ஒப்படைத்தவர் என்னும் பொருளுடைய ‘முஸ்லிம்’ என்பதே அவர்கள் தமக்கு இட்டுக்கொண்ட பெயர். ஆயினும் 1649-இல் அலெக்சாண்டர் ராஸ் பிரெஞ்சு மொழிபெயர்ப்பைத் தழுவி ஆங்கிலத்தில் வெளியிட்ட குர்ஆனும், 1734-இல் ஜார்ஜ் சேல் வெளியிட்ட குர்ஆனும் முகமதுவின் நூல் என்ற அடைமொழியோடே தலைப்பிடப்பட்டன. இறைவனின் சொல் என்று முஸ்லிம்கள் கருதும் நூலை ஒரு மனிதரின் ஆக்கமாக அறிமுகப்படுத்தும் இந்த வழக்கமே, பின்னர் சட்டத்தையும் அவர் பெயரால் அழைப்பதற்கு வழிவகுத்தது.

தமிழ்நாட்டில் இச்சமயத்தாருக்கு அதற்கு முன்பே சோனகர், துலுக்கர் என்ற பெயர்கள் வழங்கின. இவை இனத்தையும் வந்த திசையையும் சுட்டியவை. 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதித் தமிழ் இதழ்களிலும் அரசு ஆவணங்களிலும் மகமதியர், முகமதியர், முகம்மதியர் எனப் பல எழுத்துவடிவங்களில் பரவிய சொல் ஆங்கில ஆட்சியின் மொழியிலிருந்து வந்தது. அதை முஸ்லிம் நிறுவனங்களும் சில காலம் ஏற்றுக்கொண்டன என்பதற்கு, 1875-இல் அலிகரில் தோன்றிய முகமதிய ஆங்கிலோ-ஓரியண்டல் கல்லூரியின் பெயர் சான்று. 1920-இல் அது பல்கலைக்கழகமானபோது ‘முகமதிய’ என்பது நீங்கி ‘முஸ்லிம்’ அவ்விடத்தைப் பெற்றது.

1772: ‘குர்ஆனின் சட்டங்கள்’

வங்காளத்தின் வரிவசூல் உரிமையைப் பெற்ற கம்பெனி, நீதி வழங்கும் பொறுப்பையும் ஏற்க நேர்ந்தபோது, 1772-இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் ஒரு நீதித்துறைத் திட்டத்தை வகுத்தார். வாரிசுரிமை, திருமணம், சாதி ஆகியவற்றிலும் பிற சமய வழக்கங்களிலும் முஸ்லிம்களுக்குக் குர்ஆனின் சட்டங்களும் இந்துக்களுக்குச் சாத்திரத்தின் சட்டங்களும் மாறாமல் பின்பற்றப்படும் என்பது அதன் புகழ்பெற்ற விதி. சமயம் ஒவ்வொன்றுக்கும் ஒரு திருநூல் உண்டு, அத்திருநூலுக்குள் ஒரு சட்டத் தொகுப்பு உண்டு, அதை எடுத்துப் படித்தால் வழக்குக்கு விடை கிடைக்கும் என்ற எண்ணம் அவ்விதியில் பொதிந்திருந்தது.

குர்ஆனின் அமைப்பு அந்த எண்ணத்துக்கு இடம் கொடுப்பதன்று. அதில் உள்ள ஆறாயிரத்துக்கு மேற்பட்ட வசனங்களுள் சட்டத் தன்மை உடையவை ஏறத்தாழ 500 என்பது பழைய அறிஞர்களின் கணக்கு. அவற்றிலும் தொழுகை, நோன்பு போன்ற வழிபாடு பற்றியவை ஒரு பெரும்பங்கு. வாரிசுப் பங்குகளை அன்னிஸா அத்தியாயத்தின் 11, 12, 176 ஆகிய மூன்று வசனங்கள் கூறுகின்றன. அவற்றைக் கொண்டு ஒரு குடும்பத்தின் சொத்தைப் பிரிக்க வேண்டுமாயின், நபித்தோழர்களின் முடிவுகளும் மத்ஹபுகளின் நுணுக்கமான கணக்கு முறையும் தேவை. ஆகவே ‘குர்ஆனின் சட்டங்கள்’ என்று விதியில் எழுதப்பட்டாலும், நீதிமன்றத்துக்கு உண்மையில் தேவைப்பட்டது ஃபிக்ஹு நூல்களே. 1781-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் இதை ஓரளவு உணர்ந்து, முகமதியரின் சட்டங்களும் வழக்கங்களும் என்று சொல்லை மாற்றியது. திருநூலின் பெயர் மறைந்து மக்களின் பெயர் வந்த அந்த இடத்தில்தான் ‘முகமதியச் சட்டம்’ என்ற தொடர் ஆட்சிமொழியில் கால் ஊன்றியது.

மொழிபெயர்ப்பு அடுக்கு

அடுத்த நூறாண்டில் அத்தொடருக்கு உள்ளடக்கம் தந்தவை மொழிபெயர்ப்புகள். ஃபெர்கானாப் பள்ளத்தாக்கைச் சேர்ந்த அல்-மர்கீனானி (இறப்பு 1197) எழுதிய ‘ஹிதாயா’ ஹனஃபி மத்ஹபின் புகழ்பெற்ற நூல். ஹேஸ்டிங்ஸின் ஏற்பாட்டில் மௌலவிகள் சிலர் அதை அரபியிலிருந்து பாரசீகத்துக்கு மாற்ற, அந்தப் பாரசீக வடிவத்திலிருந்து சார்லஸ் ஹாமில்டன் ஆங்கிலத்தில் ஆக்கி 1791-இல் லண்டனில் நான்கு தொகுதிகளாக வெளியிட்டார். மூலத்தின் தொடக்கத்தில் உள்ள தூய்மை, தொழுகை முதலியவற்றை விட்டுவிட்டு, ஜகாத் என்னும் கட்டாயக் கொடையிலிருந்து ஹாமில்டனின் நூல் தொடங்குகிறது. அடுத்த பகுதி நிக்காஹ் எனப்படும் திருமணம். மூல ஆசிரியரின் கண்ணோட்டத்தில் தொழுகையும் வணிக ஒப்பந்தமும் ஒரே கடமை ஒழுங்கின் இரு பகுதிகள். நீதிமன்றத்தின் கண்ணோட்டத்தில் முன்னது பயனற்றது. வெட்டப்பட்ட பக்கங்களோடு, சட்டமும் வழிபாடும் பிரியாத ஓர் அறிவுமுறையும் ஆங்கில வாசகரின் பார்வையிலிருந்து விலகியது. 1870-இல் கிரேடி அதை மேலும் சுருக்கி ஒரே தொகுதியாக்கியபோது, அது சட்ட மாணவர்களின் பாடநூலாயிற்று.

கல்கத்தா உச்ச நீதிமன்றத்தின் நீதிபதியாக இருந்த வில்லியம் ஜோன்ஸ், வாரிசுரிமை பற்றிய ‘சிராஜிய்யா’ என்னும் அரபு நூலை 1792-இல் மொழிபெயர்த்தார். மௌலவிகளும் பண்டிதர்களும் கூறும் கருத்தை மட்டும் நம்பித் தீர்ப்பளிக்கும் நீதிபதி ஏமாற்றப்படாமல் இருப்பது அரிது என்ற ஐயமே தம்மை இப்பணிக்குத் தூண்டியதை அவர் மறைக்கவில்லை. ரோமானியச் சட்டங்களைத் தொகுத்த ஜஸ்டீனியனைப் போலக் கார்ன்வாலிஸ் பிரபு இந்தியாவுக்குச் சட்டம் தொகுத்தவராக விளங்க வேண்டும் என்பதும் அவர் விருப்பம். அறிஞரின் வாயிலிருந்து சட்டத்தைப் பிரித்து அச்சிட்ட பக்கத்தில் நிலைநிறுத்துவதே இம்முயற்சிகள் அனைத்தின் நோக்கம். அதன்பின் 1825-இல் மெக்நாட்டன் கோட்பாடுகளையும் முன்தீர்ப்புகளையும் தொகுத்தார். அவுரங்கசீப்பின் ஆட்சியில் அறிஞர் குழு ஒன்று தொகுத்த ‘ஃபதாவா ஆலம்கீரி’யைத் தழுவி நீல் பெய்லி 1865-இல் ஒரு சுருக்கநூலை வெளியிட்டு, ஷியாக்களின் சட்டத்துக்கென 1869-இல் இன்னொரு பகுதியைச் சேர்த்தார். நான்கைந்து நூல்கள் கொண்ட இந்த அடுக்கே நடைமுறையில் முகமதியச் சட்டம் ஆனது.

மதரசாவில் ஒரு நூல் ஆசிரியரின் வாய்மொழியோடும், அதன்மீது எழுதப்பட்ட உரைகளோடும், உரைகளின்மீது எழுந்த மறுப்புகளோடும் சேர்ந்தே கற்பிக்கப்பட்டது. நிஜாமிப் பாடத்திட்டத்தைப் பின்பற்றும் மதரசாக்களில் ஹிதாயா இன்றும் அவ்வாறே ஓதப்படுகிறது. ஒரே கேள்விக்கு ஹனஃபி மரபின் மூலவரான அபூஹனீஃபா ஒரு விடையும் அவருடைய மாணவர்களான அபூயூசுஃபும் முகம்மது அல்-ஷைபானியும் வேறு விடைகளும் கூறியிருப்பார்கள். இடத்துக்கும் காலத்துக்கும் ஏற்பது எது என்று தெரிவு செய்வது முஃப்தியின் பயிற்சியைச் சார்ந்தது. முன்தீர்ப்பைக் கட்டுப்பாடாகக் கொள்ளும் ஆங்கில நீதிமுறைக்குள் அதே நூல் நுழைந்தபோது, ஒரு வழக்கில் தேர்ந்தெடுக்கப்பட்ட விடை அடுத்த வழக்குகள் அனைத்துக்கும் விதியாகி, மற்ற விடைகள் செயலற்றுப் போயின.

காஜியின் பெயரும் பொறுப்பும்

தொடக்கத்தில் ஆங்கில நீதிபதியின் அருகே மௌலவி ஒருவர் சட்ட அதிகாரியாக அமர்ந்து கருத்துரைத்தார். அத்தகைய அதிகாரிகளைப் பயிற்றும் பணியில் 1780-இல் ஹேஸ்டிங்ஸ் தோற்றுவித்த கல்கத்தா மதரசாவுக்கும், 1812-இல் சென்னையில் எல்லிஸின் முயற்சியால் அமைந்த புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக்கும் பங்கு உண்டு. நூலடுக்கு நிறைந்து, முன்தீர்ப்புகளும் பெருகியபின், 1864-ஆம் ஆண்டின் 11-ஆவது சட்டம் இப்பதவிகளை ஒழித்தது. இந்தியத் தண்டனைச் சட்டம் 1862-இல் நடைமுறைக்கு வந்ததும், 1872-இல் சாட்சியச் சட்டம் இயற்றப்பட்டதும், இஸ்லாமியக் குற்றவியலையும் சாட்சிய முறையையும் அகற்றவே, எஞ்சிய திருமணமும் மணவிலக்கும் வாரிசுரிமையும் வக்ஃப் எனும் அறக்கொடையும் ‘தனிநபர் சட்டம்’ என்ற புதிய பெயரைப் பெற்றன. ஷரீஅத் என்றால் குடும்பச் சட்டம் என்று இன்று பலர் கருதுவது இந்தக் குறுக்கலின் விளைவு.

காஜிகள் இல்லாமையால் திருமணப் பதிவு முதலியவற்றில் தோன்றிய குழப்பத்தைத் தீர்க்க, அலிகர் கல்லூரியை நிறுவிய சர் சையத் அகமது கானின் முயற்சியால் 1880-இல் காஜிகள் சட்டம் நிறைவேறியது. அது முதலில் நடைமுறைக்கு வந்த நிலப்பகுதி சென்னை மாகாணம். நீதிபதி என்பதே ‘காஜி’ என்னும் அரபுச் சொல்லின் பொருளாயிருக்க, இச்சட்டத்தின் 4-ஆவது பிரிவு, இதன்படி நியமிக்கப்படும் காஜிக்கு நீதி வழங்கும் அதிகாரமோ நிர்வாக அதிகாரமோ கிடையாது என்று தெளிவாகக் கூறுகிறது. தமிழ்நாட்டில் தலைமைக் காஜி பிறை அறிவிப்பதும் நிக்காஹ் பதிவேடு காப்பதும் அறியப்பட்ட பணிகளாக இருக்க, தீர்ப்பு அவரிடம் இல்லாமற் போன வரலாறு இச்சட்டத்தில் உள்ளது.

குர்ஆனைத் திறக்காத நீதிமன்றம்

அறிஞர் விலகியபின் நூலை விளக்கும் உரிமை பேரரசின் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சிலின் நீதிக்குழுவுக்குச் சென்றது. 1894-இல் அபுல் ஃபதா வழக்கில், குடும்பத்தாரின் நலனுக்காக ஏற்படுத்தப்பட்ட வக்ஃப் செல்லாது என அது முடிவு செய்தது. குடும்பத்துக்குச் செலவிடுவதும் அறமே என்ற நபிமொழிகளை நீதிபதி அமீர் அலி அதற்கு முன்பே கல்கத்தாவில் எடுத்துக்காட்டியிருந்தும், பொதுவான அறிவுரைகளைக் கொண்டு சொத்துச் சட்டத்தை முடிவு செய்ய இயலாது என்பது லண்டனின் நிலை. முஸ்லிம்களின் நெடிய எதிர்ப்புக்குப் பின், ஜின்னாவின் முயற்சியால் 1913-இல் இயற்றப்பட்ட தனிச்சட்டமே அத்தீர்ப்பை மாற்றியது.

1897-இல் முடிவான ஆகா முகமது ஜாஃபர் வழக்கு இன்னும் கூர்மையானது. கைம்பெண்ணுக்கு ஓராண்டுக் காலம் பராமரிப்பு அளிக்க அறிவுறுத்தும் அல்பகரா அத்தியாய வசனம் அவ்வழக்கில் முன்வைக்கப்பட்டது. பழமையும் மதிப்பும் உடைய உரையாசிரியர்கள் வெளிப்படையாகக் கூறிய முடிவுக்கு மாறாகக் குர்ஆனுக்குத் தாமே பொருள் காண்பது நீதிமன்றத்துக்குத் தகாது எனக் கூறி, பிரிவி கவுன்சில் கோரிக்கையை மறுத்தது. பழைய அறிஞர்கள் வருவிக்காத புதிய விதியைப் பழைய மூலங்களிலிருந்து இன்றைய வழக்கறிஞர் வருவித்தலும் கூடாது என்று 1903-இல் பாக்கர் அலி கான் வழக்கில் அது மேலும் கட்டுப்படுத்தியது. அயலவர் திருநூலில் கைவைக்கக் கூடாது என்ற பணிவாக இதைக் கொள்ள இடமுண்டு. எனினும் 1772-இல் குர்ஆனின் பெயரால் தொடங்கிய சட்டம், 125 ஆண்டுகளில் குர்ஆனைத் திறப்பதையே விலக்கிய இடத்துக்கு வந்து சேர்ந்தது. உயிருள்ள அறிஞரிடம் கேட்கும் வழி முன்பே மூடப்பட்டிருந்ததால், ஹாமில்டனும் பெய்லியும் அச்சிட்ட வரம்பே இறுதி வரம்பாயிற்று. அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் அரபு மூலங்களைத் தாமே படித்துத் தீர்ப்பெழுதிய சையத் மகமூது போன்றோர் இவ்வரம்பைத் தாண்ட முயன்ற சிலருள் அடங்குவர்.

பிற பேரரசுகளும் இலங்கையும்

இவ்வழக்கம் ஆங்கிலேயருக்கு மட்டும் உரியதன்று. அல்ஜீரியாவைக் கைப்பற்றிய பிரெஞ்சு அரசு, மாலிகி மத்ஹபைச் சேர்ந்த கலீலின் ‘முக்தஸர்’ நூலை 1848 முதல் 1854 வரை பெரோன் என்பவரைக் கொண்டு மொழிபெயர்த்து வெளியிட்டது. ‘முஸ்லிம் சட்டம்’ என்று பொருள்படும் பிரெஞ்சுத் தொடர் அங்கு ஒரு கல்வித்துறையின் பெயரே ஆயிற்று. ஷாஃபிஈ மத்ஹபு பரவிய டச்சுக் கிழக்கிந்தியாவில், இமாம் நவவியின் ‘மின்ஹாஜ்’ 1882–84-இல் வான் டென் பெர்க்கின் பிரெஞ்சு மொழிபெயர்ப்போடு பத்தாவியாவில் அச்சானது. அந்தப் பிரெஞ்சிலிருந்து 1914-இல் அது ஆங்கிலமாயிற்று. ஹனஃபி நூல் பாரசீகம் வழியாகவும் ஷாஃபிஈ நூல் பிரெஞ்சு வழியாகவும் ஆங்கில நீதிபதியை அடைந்தன.

தமிழ் பேசும் முஸ்லிம்கள் வாழும் இலங்கையில் நிலை சற்று மாறுபட்டது. அங்கு டச்சுக்காரர் பத்தாவியாவிலிருந்து கொணர்ந்த சுருக்கத் தொகுப்பை அடியாகக் கொண்டு, அலெக்சாண்டர் ஜான்ஸ்டனின் முயற்சியில், கொழும்புச் சோனகத் தலைவர்களின் ஒப்புதலோடு 1806-இல் முகமதியச் சட்டக்கோவை வெளியிடப்பட்டது. குர்ஆனையோ ஃபிக்ஹு நூலையோ நேரடியாகச் சுட்டாமல், ஏறத்தாழ நூறு விதிகளில் ஒரு சமூகத்தின் திருமணமும் வாரிசுரிமையும் அடக்கப்பட்டன. 1929-ஆம் ஆண்டின் திருமணப் பதிவுச் சட்டத்திலும் 1931-ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டத்திலும் ‘முகமதிய’ என்ற சொல் ‘முஸ்லிம்’ என மாறியது; இந்தியக் காஜி இழந்த தீர்ப்புரிமையை அங்குள்ள காதி நீதிமன்றங்கள் மணவிலக்கு, பராமரிப்பு வழக்குகளில் பெற்றன.

பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்த சொல்

திருநூலாய்வுத் துறையை உருவாக்கியவர்களுள் பலர் ஆட்சிப் பணியினர். கல்கத்தா மதரசாவின் முதல்வராக இருந்த அலோய்ஸ் ஸ்ப்ரெங்கரின் குறிப்புரையோடு, குர்ஆன் கலைகளைத் தொகுத்துரைக்கும் அல்-சுயூத்தியின் ‘இத்கான்’ 1850-களில் கல்கத்தாவில் அச்சேறியது; மௌலவிகள் பதிப்பித்த அந்நூல் ஐரோப்பிய ஆய்வாளர்களுக்குக் கருவூலமாயிற்று. வடமேற்கு மாகாணங்களின் துணை ஆளுநராக உயர்ந்த வில்லியம் மியூர், 1858–61-இல் நபியின் வரலாற்றையும் பின்னர் குர்ஆனின் அமைப்பு பற்றிய நூலையும் எழுதி, இறுதியில் எடின்பரோ பல்கலைக்கழகத்தின் முதல்வரானார். அவருடைய நூலுக்கு விடையாகவே 1870-இல் சையத் அகமது கான் லண்டனில் தம் கட்டுரைகளை வெளியிட்டார். ஆட்சியாளர் கேட்ட கேள்விக்கு ஆளப்பட்டவர் விடையளிக்கும் இந்த முறையில், கேள்வியின் வடிவத்தை விடையும் ஏற்கவேண்டியதாயிற்று. குர்ஆனிலிருந்து நேரே சட்டம் எடுக்கலாம் என்ற பிற்காலச் சீர்திருத்தக் குரல்களிலும் 1772-ஆம் ஆண்டின் எண்ணம் வேறு நோக்கத்தோடு மீண்டும் ஒலித்தது.

அதே துறைக்குள்ளிருந்து மறுப்பும் எழுந்தது. 1885-இல் மக்காவில் தங்கி, 1889 முதல் 1906 வரை டச்சு அரசின் ஆலோசகராகப் பணியாற்றிய டச்சு அறிஞர் ஸ்னூக் ஹுர்ஹ்ரோன்யே, ஃபிக்ஹு என்பது சட்டத் தொகுப்பன்று, கடமைகளைப் பற்றிய கோட்பாடு என்று வாதிட்டார். கட்டாயம், விரும்பத்தக்கது, அனுமதி, வெறுக்கத்தக்கது, விலக்கு என ஐந்தாகச் செயல்களைப் பகுக்கும் ஓர் அறிவை நீதிமன்றச் சட்டமாக வாசிப்பது பிழை என்பது அவர் கருத்து. அவ்வாறு கூறியவரே சுமத்ராவின் ஆச்சே மக்களை அடக்கும் போருக்கு ஆலோசனை வழங்கியதையும், ‘அதாத்’ எனும் உள்ளூர் வழக்கத்தைச் சட்டமாகப் பெயரிட்டு ஷரீஅத்துக்கு எதிராக நிறுத்தியதையும் கருதினால், பிழை கண்ட ஆய்வும் ஆட்சியின் தேவைக்கு அப்பாற்பட்டதன்று என்பது புலனாகும். அவர் வழியைத் தொடர்ந்த ஜோசப் ஷாக்ட், 1950-இல் வெளியிட்ட தம் பெருநூலில், தொடக்ககால இஸ்லாமியச் சட்டம் குர்ஆனிலிருந்து நேராகப் பிறக்காமல் தொடக்ககாலக் கலீஃபா மரபான உமய்யாக்களின் நிர்வாக நடைமுறையிலிருந்து வளர்ந்தது என்று வாதிட்டார். அந்நூலின் தலைப்பில் ‘முகமதிய’ என்ற சொல்லே நின்றது. 1964-இல் அவர் எழுதிய அறிமுக நூலின் தலைப்பில் அது ‘இஸ்லாமிய’ என்று மாறியது. இந்தியாவில் உருவான சட்டத்துக்கு மட்டும் ‘ஆங்கிலோ-முகமதியச் சட்டம்’ என்ற தனிப்பெயரை அந்நூல் ஒதுக்கி, அது தூய இஸ்லாமியச் சட்டத்திலிருந்து வேறுபட்ட தனி அமைப்பு என ஏற்றுக்கொண்டது. பழைய சொல் இவ்வாறு பொதுப்பெயர் என்ற நிலையை இழந்து, ஒரு வரலாற்றுக் கட்டத்தின் பெயராகச் சுருங்கியது.

பெயர் நீங்கியபின்

1937-ஆம் ஆண்டின் முஸ்லிம் தனிநபர் சட்ட (ஷரீஅத்) செயலாக்கச் சட்டம் இரு மாற்றங்களை ஒருங்கே செய்தது: ‘முகமதிய’ என்பதை நீக்கி ‘முஸ்லிம்’ என்று எழுதியதோடு, ‘ஷரீஅத்’ என்ற சொல்லையும் தலைப்பிலேயே வைத்தது. உள்ளூர் வழக்கத்தை விலக்கி ஷரீஅத்தை நிலைநாட்டுவது அதன் நோக்கம். வேளாண் நிலத்தை அது விட்டுவிட, 1949-இல் சென்னை மாகாணத் திருத்தம் அந்நிலத்தையும் உட்படுத்தியது. ஆயினும் ஷரீஅத் என்றால் எது, எந்த நூல், யாருடைய விளக்கம் என்பதை அச்சட்டம் வரையறுக்கவில்லை. அவ்வெற்றிடத்தை நிரப்பியது பார்சி வழக்கறிஞரான தின்ஷா முல்லா 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பத்தி எண்ணிட்டு எழுதிய ‘முகமதியச் சட்டக் கோட்பாடுகள்’. பெய்லியும் ஹாமில்டனும் பிரிவி கவுன்சிலும் அதில் எண்ணிட்ட பத்திகளாகத் தொடர்ந்தனர்.

சுதந்திர இந்தியாவின் உச்ச நீதிமன்றம் 1985-இல், மணவிலக்குப் பெற்ற பெண்ணின் பராமரிப்பு பற்றிய ஷா பானு வழக்கில் அல்பகராவின் 241, 242-ஆவது வசனங்களை மொழிபெயர்ப்புகளின் துணையோடு படித்தபோதும், 2017-இல் ஷாயரா பானு வழக்கில் முத்தலாக்கைக் குர்ஆனின் மணவிலக்கு முறையோடு ஒப்பிட்டபோதும், 1897-இல் மூடப்பட்ட நூலைத் திரும்பத் திறந்தது. முதல் தீர்ப்புக்கு எழுந்த எதிர்ப்பு, நீதிமன்றத்துக்குத் தஃப்சீர் எனும் குர்ஆன் உரை எழுதும் தகுதி உண்டா என்ற கேள்வியை மையமாகக் கொண்டிருந்தது. ஃபிக்ஹு பயின்ற ஆலிமையும் நூலடுக்கைப் படித்த நீதிபதியையும் ஒரே இடத்தில் அமரவைக்கும் அமைப்பு எதுவும் 1864-க்குப் பின் உருவாகாததால், அக்கேள்விக்கு இரு தரப்பும் ஏற்கும் விடை கிடைக்கவில்லை. ‘முகமதியச் சட்டம்’ என்ற பெயர் சட்டப் புத்தகங்களின் தலைப்பிலிருந்து மெல்ல நீங்கிவருகிறது என்றாலும், ஷரீஅத்தையும் ஃபிக்ஹையும் முன்தீர்ப்பையும் ஒன்றாகக் கொள்ளும் அதன் பழக்கம் ஆய்வேட்டிலும் மேடைப்பேச்சிலும் தீர்ப்பிலும் தொடர்வதால், திருநூலைப் பற்றிய எந்த விவாதமும் இம்மூன்றில் எதைப் பற்றியது என்று முதலில் பிரித்துக் காண்பதே இச்சொல்லின் வரலாறு இன்றைய ஆய்வாளருக்கு இடும் முதற்பணி.